கூர்முனை எந்தப் பக்கம்?

ஆம்பூர்
16.8.2004

அன்பு மகன் நெல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் அப்பா, உன் தங்கை ஜெனிஃபா, நான் மூவரும் உடம்பில் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே உன்னையும் அவரே காக்க வேண்டும். உடம்பில் குறையில்லை என்றுதான் எழுதினேன், வீட்டில் நிம்மதி என்று எழுதவில்லை, கவனி. வாரக் கடைசியில் வேலூரிலிருந்து ஓடி வருகிற ஜெனிஃபா, நர்சிங் பரீட்சை இருக்கிறது, இந்த வாரம் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பரீட்சைக்குப் பயந்தாளா அப்பாவின் கோபத்துக்குப் பயந்தாளா, அவளுக்குத்தான் வெளிச்சம். எல்லாம் நீ அனுப்பிய பார்சல் வந்த நாளிலிருந்துதான்.

பார்சலின் மேல் அப்பா பேரை எழுதத் தெரிந்தவனுக்கு உள்ளே ஒரு வரி எழுதி வைக்கத் தெரியவில்லையா? ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் மாதிரி ஷூ தைத்தே தலை நரைத்த மனிதரிடம், "செருப்பு தைக்க நான் பொறக்கல" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவன் நீ. இரண்டு வருடமாக உன் போன் வந்தாலே அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். பார்சலையும் தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். பிரித்துவிட்டார். பொம்மை விமானத்துக்கு மாட்டுகிற வளைந்த அலுமினியக் காலும் சின்னச் சக்கரங்களும் வந்தன, அந்தச் சக்கரங்களை மூடுகிற இரண்டு உறைகளும் வந்தன. அட்டையில் வீல் பேன்ட் என்று போட்டிருந்ததை நான் படித்துச் சொன்னதும், "இன்னாது, பேன்ட்டா? நல்லா பாரு, இது ஷூ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏரோப்ளேனுக்கும் ஷூ வேணும்னு இப்பத்தான் தெரிஞ்சுதா தொரைக்கு?" என்றார். சிரித்தாரா என்று கேட்காதே, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலேஜ் படிக்கும்போது நீ செய்து பாதியில் விட்ட ரிமோட் விமானத்தை அன்றைக்கே பரணிலிருந்து இறக்கிவிட்டார். சக்கரம் உரசக் கூடாது என்று உறைக்குள் அரம் வைத்துத் தேய்த்தார், மரம் நசுங்காமல் இருக்க அலுமினியக் காலுக்கு அடியில் மெல்லிய தோலை வெட்டி வைத்தார், பார்த்துப் பார்த்துத்தான் செய்தார். ஆனால் தரையில் வைத்து லேசாகத் தள்ளினால் விமானம் மூக்குக் குப்புற விழுகிறது. வாலில் ஈயம் கட்டிப் பார்த்தார், அப்படியும் விழுகிறது. அதிலிருந்து வீட்டில் பெரிய பேஜார். சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி, ஃபேனில் காற்று கம்மி, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். பக்கத்து வீட்டு நசீர் அகமது பாய் "தம்பிக்கு ஒரு போன் போட்டு கேட்டுடுங்களேன்" என்று சொல்லப்போக, அவரிடமும் இப்போது பேச்சு இல்லை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஸ்கூல் மைதானத்தில் ஓட்டியே தீருவேன் என்று நிற்கிறார். சக்கரமே இல்லாத உன் பழைய விமானத்தை நீயும் அவரும் கையால் எறிந்து, புல்லில் வயிறு தேய இறக்கினீர்களே, அந்தத் தைரியம்.

என்ன தப்பு என்று எனக்குத் தெரியும். ஷூவுக்குக் கூர்முனைதான் முன்பக்கம் என்று நினைத்து, உறையின் ஒல்லியான முனை முன்னால் வரும்படி அந்தக் காலை அப்படியே திருப்பிப் பூட்டியிருக்கிறார். சக்கரம் பின்னால் போய்விட்டது, மூக்குக் கவிழாமல் என்ன செய்யும்? நான் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது, தண்ணியும் காத்தும் ஒண்ணுதாம்மா, தலை பருமனா வால் ஒல்லியா இருக்கணும் என்று நீ பாடம் நடத்தியது எனக்கு மறக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. அந்த விமானம் ஞாயிற்றுக்கிழமை உடைந்தால் நீங்கள் இரண்டு பேரும் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டீர்கள் என்று பயந்து, ரிமோட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுகிறார். நான் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு தெரியாது என்கிறேன், ஆண்டவர் மன்னிப்பாராக.

இதை எழுதும்போது பின்னால் வந்து நின்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கூர்முன எந்தப் பக்கம்னு அதுல ஒரு வரி கேளு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டார். இரண்டு வருடத்தில் உன்னிடம் அவர் கேட்கிற முதல் வார்த்தை இது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மேலே மை கலைந்திருப்பது அதனால்தான்.

அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள், ஞாயிறு ஆராதனையை விடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் எழுதாதே. கடிதம் கிடைத்ததும் போன் செய், மணி எத்தனை தடவை அடித்தாலும் வைக்காதே. நான் மொட்டை மாடியில் இருப்பேன். அவர் எடுத்துப் பேசிய பிறகுதான் ரிமோட் அரிசியை விட்டு வெளியே வரும்.

உன் அம்மா,
ஜெயபுஷ்பம் சத்தியநாதன்