பறக்கும் தட்டுக் கோப்புகளும் உங்கள் விசாரணையும்

அன்புள்ள சிவம் அண்ணை,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. நமது கந்தோரில் உங்கள் கதிரையில் இப்போது ஒரு போர்த்துக்கீசப் பெண் இருக்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் உங்களைப்போல வாய்திறந்து ஒன்றும் வாசித்துக் காட்டமாட்டாள். பழைய கனடா அரசாங்கக் கோப்புகளின் கம்பிகளைக் கழற்றி, தாள்களை நீவி, மைக்ரோபிலிம் எடுக்கக் கொடுப்பது இப்போது வெறும் வேலையாகத்தான் இருக்கிறது.

பறக்கும் தட்டுப் பெட்டிகள் வந்த அந்த மாதங்கள் ஞாபகம் இருக்கிறதா? ஐம்பதுகளில் வானத்தில் ஏதோ வெளிச்சம் கண்ட சனங்கள் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களும், அதிகாரிகள் விசாரித்து எழுதிய குறிப்புகளும். சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் அவற்றைச் சொல்லச் சொல்ல, எனக்குப் புட்டு விக்கிப் போகும். ஒரு கமக்காரப் பெண் தன் நாயும் அதைக் கண்டது என்று எழுதியிருந்தாள். "நாயையும் கூப்பிட்டு விசாரிச்சிருப்பினமோ?" என்றீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பாவம் மனுசி. தன்னை விசரி எண்டு நினைச்சிடுவினம் எண்டு பயந்துபோய் எழுதியிருக்கிறா" என்றீர்கள். அந்தத் தாளை மட்டும் இரண்டு தரம் நீவினீர்கள்.

நான் கவனித்தது வேறு. நேரம், உயரம், தூரம் எல்லாம் எண்ணாக எழுதியவர்களின் வீட்டுக்கு அதிகாரி நேரே போயிருந்தார். 'சரியாகத் தெரியாது' என்றவர்களின் தாளில் 'போதிய தகவல் இல்லை' என்று முத்திரை குத்தி மூடியிருந்தார்கள். ஏதோ பெரிய ரகசியம் பிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அகதி விசாரணைக்கு நாள் வந்தது.

வோபர்ன் அப்பார்ட்மெண்டின் குசினி மேசையில் உங்களுக்குப் பாடம் எடுத்தேன். எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பில் உங்கள் வீட்டைக் கொளுத்தியபோது நேரம் என்ன, எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன்.

"எனக்கெப்படியடா தெரியும்? வாணியின்ரை வாயைப் பொத்திக்கொண்டு, நானும் மனுசியும் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குக் கீழ கிடந்தனாங்கள்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. நம்பர் சொன்னாத்தான் இவங்கள் நம்புவாங்கள்."

நாலு மணி பத்து நிமிடம். இருபத்தெட்டுப் பேர். இரண்டையும் உங்கள் வாயில் வைத்தது நான். கட்டிலுக்கடியில் கிடந்தவர் எப்படி எண்ணினார் என்று அதிகாரி கேட்டாராம். உங்களுக்கோ பொய் சொல்லவே வராது, தடுமாறிவிட்டீர்கள். 'நம்பத்தகுந்தவர் அல்ல' என்று கடிதம் வந்த அன்றுகூட என்னை ஒரு சொல் ஏசவில்லை. "அப்பீல் இருக்குத்தானே, நீ தேத்தண்ணியைக் குடி" என்றீர்கள். ஏன் அண்ணை ஏசவில்லை? அப்பீலுக்கு முன் மாரடைப்பு வந்து நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் விசாரணைக் கோப்பை அப்படியே மூடிவிட்டார்கள்.

உங்களுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. உங்கள் வீட்டு அக்காவும் மகள் வாணியும் இந்தக் கோடையில் வந்து சேர்ந்துவிட்டார்கள். வாணி பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களையெல்லாம் சத்தமாக வாசிக்கிறாள், அசல் நீங்கள்தான். அக்காவுக்கும் விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். உங்களுக்கு வந்த அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேற்றுக் கேட்டார்.

"தம்பி, இவர் என்னோடைதானே கிடந்தவர். இருபத்தெட்டுப் பேரை எப்ப எண்ணினவர்? நானும் இதையே சொல்லவேணுமோ?"

உடனே எழுந்து வந்துவிட்டேன். வெட்கம் அண்ணை. உங்களைப் பொய்யனாக்கியது நான் என்று அவருக்குத் தெரியாது.

இன்று பின்னேரம் போய்ச் சொல்லப்போகிறேன். ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். அக்கா தான் கண்டதை மட்டும் சொல்லட்டும். அந்த எண்கள் நான் சொல்லிக்கொடுத்தவை, உங்களுடையவை அல்ல என்று ஒரு கடிதம் எழுதி, என் பெயர் போட்டு, அக்காவின் கோப்பில் சேர்க்கக் கொடுப்பேன். என் சொந்த அகதி விசாரணை இன்னும் முடியவில்லை, இதனால் என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று வக்கீல் சொல்கிறார். ஆனாலும் கொடுப்பேன், இது உங்கள் மேல் சத்தியம்.

கூடப்பிறக்காத உங்கள் தம்பி,
ரஞ்சன்
ஸ்காபரோ, 1987