என் பெயரில் ஒரு ஓட்டோ

முரசுமோட்டை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகளும் நல்ல சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்க மாட்டேன், பொய்தான் சொல்வீர்கள். எப்போது வருகிறீர்கள் என்று போனில் ஆரம்பித்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நாடு திரும்பும் பாரத்தில் நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று முகாமிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா?

சரி, முதலில் நல்ல செய்தி. லைசன்ஸ் வந்துவிட்டது! கண் மங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டு அப்புத்துரை மாமா தன் பழைய ஓட்டோவை எனக்கே தந்துவிட்டார். இங்கே ஆட்டோவை அப்படித்தான் சொல்கிறார்கள். பதிவுப் புத்தகமும் என் பெயருக்கு மாறிவிட்டது. உரிமையாளர் விஜிதரன் சிவரூபி, முன்னால் உங்கள் பெயரோடு. குசினியில் சோறு கொதிக்கும்போதும் கையைத் துடைத்துவிட்டுப் போய்த் திறந்து பார்க்கிறேன். அங்கே இந்தியாவில் இத்தனை வருடமாக நீங்கள் ஓட்டுவது இலட்சுமி அக்கா பெயரில் உள்ள வண்டிதானே. அகதிக்கு எவன் பதிந்து கொடுப்பான்? போலீஸ் மறித்தால், "ஓனர் அக்கா கோயிலுக்குப் போயிருக்கு சார்" என்பீர்கள். பாவம் அந்த மனுஷி, ஊரில் உள்ள கோயில் எல்லாம் போய் முடித்திருப்பார்!

இங்கே வந்து இறங்கியபோது எனக்கென்று ஒரு நாடும் இருக்கவில்லை. முகாமில் பிறந்தவளுக்கு முதலில் பிறப்புப் பதிவு, பிறகு பிரஜாவுரிமை, பிறகு அடையாள அட்டை. அதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் லைசன்ஸ் பற்றி வாயைத் திறக்கலாம். கிராம சேவகரிடமும், கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகத்திலும் நடையாய் நடந்தேன். நான் வாயைத் திறந்தாலே இந்தியாவோ என்று கேட்கிறார்கள். அங்கே சிலோன்காரி, இங்கே இந்தியாக்காரி. சிரிக்கத்தான் வேண்டும்.

ஒரு கூத்து நடந்தது, சொல்கிறேன். லைசன்ஸ் கந்தோரில், அதுதான் ஆபீசில், படம் எடுக்க என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று எழுந்து, மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, "மூணு பேர் சார், மூணு பேரும் இருக்கோம்" என்றேன். முகாமில் செக்கிங் நாளில் வரிசையில் நின்று சொல்வோமே, அதே குரலில். கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கே வேலை செய்யும் நிசாந்தினி என்ற பிள்ளை எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "இஞ்ச ஒருத்தரும் தலை எண்ணுறேல்லை அக்கா. நீங்கள் மட்டும் வாங்கோ, காணும்" என்றாள். போதும் என்பதைத்தான் இங்கே காணும் என்கிறார்கள். பிறகு மெதுவாக, "மூண்டாவது ஆள் எங்கை?" என்று கேட்டாள். வருவார் என்று சொன்னேன். படத்தில் என் கண் கலங்கித்தான் இருக்கிறது. லைசன்ஸ் முடியும் வரை அந்த முகத்தோடுதான் ஓட்ட வேண்டும்.

முதல் ஓட்டம் முறிகண்டிப் பிள்ளையாரிடம். விடிந்தும் விடியாத நேரம். வயலெல்லாம் பனி மூடி, ரோடு எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வண்டி மிதப்பது போல இருந்தது. தேங்காய் உடைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் நிறுத்திக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். நீங்கள் வந்து பின்னால் ஏறினீர்கள். எங்கே போகணும் என்று கேட்டேன். வீட்டுக்கு என்றீர்கள். திரும்பிப் பார்த்தால் சீட்டில் இரண்டு வேப்பம் பூ. கண் விழித்ததும் முதலில் பின் சீட்டைத்தான் தடவிப் பார்த்தேன்.

வேலை கிடைக்காது, அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று ஆயிரம் காரணம் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியாதா அத்தான்? எட்டு வயதில் நீங்கள் படகில் இந்தியாவுக்குப் போனபோது உங்கள் அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நீங்கள் கடற்கரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் அழுதும் ஒருநாள் அலை பார்க்கக் கூட்டிப் போகவில்லை. பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு தடவை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்? நீங்கள் இல்லாமல் எனக்கும் இங்கே பயமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

கையெழுத்தை வையுங்கள். சென்னையில் விமானம் ஏறினால் பலாலியில் இறங்கலாம். ஓட்டோவைக் கழுவிக்கொண்டு வந்து நானும் மகளும் விமான நிலைய வாசலில் நிற்போம். பலாலியிலிருந்து எந்த வழியால் வந்தாலும் கடல்தண்ணீரைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வரவேண்டும், விசாரித்துவிட்டேன். பரவாயில்லை. பின்னால் ஏறி, மகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள்.

நான் ஓட்டுகிறேன்.

பிள்ளையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
சிவரூபி