பிறந்த இடம் என்ற கட்டம்

1987 மார்ச் 3
கப்பல் இன்னும் வந்தபாடில்லை. டின் மீன் தீர்ந்துவிட்டது. ஆய்வுக் குழுவுக்காக இன்று பதினொரு வீடுகளில் கணக்கெடுத்தேன். முப்பத்துமூன்று வருஷம் முன்பு அமெரிக்கக்காரன் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது சாம்பல் விழுந்தது வடக்குத் தீவில். அங்குள்ளவர்களின் கழுத்துக் கட்டிகளோடு ஒப்பிட, சாம்பல் படாத ஜனம் வேண்டுமாம். அதற்குத்தான் இந்தத் தீவில் நாங்கள்.

கடைசியாக எங்கள் வீடு. தங்கை நெய்தாரியின் தாளில், பிறந்த இடம்: இதே தீவு. சாம்பல் விழுந்த பிறகு அதே வருஷம், மூன்று வயதுப் பிள்ளையாக வடக்குத் தீவிலிருந்து வந்தவள், அம்மா எடுத்து வளர்த்தாள். அதை இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எழுதும்போது என் கை தயங்கவே இல்லை.

மார்ச் 19
நெய்தாரி கழுத்தில் கட்டி. ஆய்வுக் குழு டாக்டர் மூன்று தடவை தொட்டுப் பார்த்தார்.

ஏப்ரல் 6
தைராய்டு புற்று. அமெரிக்கக்காரன் செலவில் ஹொனலுலு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுவை செய்வது வடக்குத் தீவுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும். உண்மையைச் சொல்லிவிட்டேன். "பெத்தவங்க இல்லைன்னா, வளர்த்த அம்மா எழுதிக் குடுக்கட்டும், தான் பெத்த பிள்ளை இல்லைன்னு" என்றார் டாக்டர். அவ்வளவுதானே என்று நினைத்தேன். முட்டாள்.

ஏப்ரல் 7
அம்மா ஈரப்பலாக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

"அவளுக்கு யாருடி அம்மா?"

"நீதாம்மா. பேப்பர்ல மட்டும்—"

"பேப்பரா அவளத் தூக்கி வளர்த்துச்சு? என் மண்ணுல அவளுக்கும் பங்கு இருக்கு. பெத்த பிள்ளை இல்லைன்னு எழுதினா எல்லாம் உனக்கு. அதுக்குத்தானே இந்த ஓட்டம்?"

எனக்கா? பெற்றவள் வாயா இப்படிக் கேட்கிறது? நெய்தாரி எல்லாவற்றையும் கேட்டபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 8
"நீயாவது அம்மாகிட்ட சொல்லுடி" என்று நெய்தாரியிடம் கெஞ்சினேன்.

"என்னன்னு? 'என்னைப் பெறலைன்னு எழுதிக் குடும்மா'ன்னா? போ அக்கா, நீ ஒருத்தியே மகளா இருந்துக்கோ."

சிரிக்கப் பார்த்தாள்.

ஜூன் 30
அம்மா எழுதிக் கொடுத்தாளா என்று டாக்டர் மறுபடி கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 12
நெய்தாரிக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை. குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருகிறது. அம்மா தானாகவே டாக்டர் கேட்ட அந்தத் தாளை வாங்கிக் கைநாட்டு வைத்தாள். நெய்தாரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

டிசம்பர் 4
பட்டியலைச் செப்டம்பரோடு மூடிவிட்டார்களாம். ஒரே வரியில் பதில்.

1988 ஜனவரி 21
நெய்தாரி போய்விட்டாள். எங்கள் மண்ணில்தான் புதைத்தோம். "இல்லைன்னு கைநாட்டு வெச்சுட்டேனே, இங்க எப்படிப் படுப்பா?" என்று அம்மா என் மார்பில் அறைந்து அறைந்து அழுதாள். அறையட்டும் என்று நின்றேன்.

1989 பிப்ரவரி 2
ஆய்வறிக்கை வந்தது. நன்றி சொல்லியிருக்கும் இடத்தில் என் பெயரும் இருக்கிறது. நான் நிரப்பிய கணக்குத் தாளைக் கடைசிவரை யாரும் திருத்தவில்லை. சாம்பல் படாத தீவில் பிறந்த ஒரு பெண்ணும் தைராய்டு புற்றால் இறந்திருக்கிறாள், ஆகவே வடக்குத் தீவின் நோய்க்குக் குண்டுதான் காரணம் என்று சொல்ல முடியாது — இதுதான் முடிவு.

"நம்ம பிள்ளையப் பத்தி என்ன போட்டிருக்கான்?" என்றாள் அம்மா.

"இந்தத் தீவுல பொறந்தவள்னு போட்டிருக்கான்மா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு இன்றுதான் அம்மா முகம் தெளிந்தது. "நல்லா இருக்கட்டும்" என்றாள். "உண்மையைத்தானே எழுதியிருக்கான்."