துவைக்கக் கூடாத துணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. குட்டிப்பயல் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே கண்ணை மூடிவிட்டதைத் தம்பி உனக்குப் போனில் சொல்லிவிட்டான், அதற்குப் பிறகு நான் செய்துவைத்த காரியத்தைச் சொல்லியிருக்க மாட்டான். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. நீயும் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருப்பவள், உன்னை விட்டால் யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸுக்கும் உன் வயதுதான் இருக்கும். டியூப்பையெல்லாம் கழற்றிவிட்டுப் பிள்ளையை மருமகள் மடியில் வைத்தாள். பார்த்தால் தாங்கமாட்டாள், சீக்கிரம் கொண்டுபோங்கள் என்று நான் வாசலில் நின்றபடியே சத்தம் போட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. இத்தனை நாளும் ஒயருக்கு நடுவுலதான பாத்தாங்க, இப்பவாவது அம்மாகிட்ட இருக்கட்டும், நீங்களும் உள்ள வாங்க, உங்களுக்கும் பேரன்தானே என்றாள். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தம்பியைத் தண்ணீர் ஊற்றச் சொன்னாளாம், உன் அம்மாவைத் தலை துவட்டச் சொன்னாளாம். எல்லாம் கேள்விதான். ஊருக்கெல்லாம் வாய்ச்சவடால் அடிக்கிற உன் அப்பன், வராண்டாவுக்கு ஓடிப்போய், தீயணைக்கும் சிலிண்டரில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டு நின்றான். அவள் மறுபடி வந்து கூப்பிட்டாள், போகவில்லை.

பிள்ளையைச் சுற்றியிருந்த துணியைப் பையில் போட்டு, துவைச்சிடாதீங்க, அவன் வாசனை இருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மருமகள் மாத்திரை போட்டுத் தூங்கிய நேரத்தில் தலையணைப் பக்கம் அது கிடந்தது, ஓரத்தில் பால் கறை. லாண்டரிக்காரன் கை சும்மா இருக்குமா? கடைக்கு எடுத்துப்போய் வெந்நீரில் அலசி, இஸ்திரி போட்டு, மடித்து, அவள் எழுந்ததும் கையிலேயே கொடுத்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் அம்மாடி. அவள் மோந்து பார்த்தாள். விரித்து, அடுத்த ஓரத்தையும் மோந்து பார்த்தாள். மாமா, இதுல அவன் இல்லையே என்றாள். அதிலிருந்து சோறு தண்ணீர் இல்லை, பேச்சும் இல்லை. தம்பி என் முகத்தில் விழிப்பதில்லை. அவள் திட்டியிருந்தாலாவது காலில் விழுந்து கதறியிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது, இவளும் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. போன வாசனையைத் திரும்பக் கொண்டுவர உங்கள் படிப்பில் வழி ஏதாவது உண்டா? இல்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டுப் பேசு. ஆறுதல் சொல்லாதே, நாங்கள் சொல்லிச் சொல்லி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பிள்ளை யார் சாயல் என்று கேள், இங்கே ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்கலாம் என்றால், நீங்க பாக்கலையா மாமா என்பாள்.

வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே இருந்து காலைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ தொடுகிற பிள்ளைகளெல்லாம் பிழைத்து வீடு போய்ச் சேரட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் வார்டில் ஒரு பிள்ளை போய்விட்டால், வராண்டாவில் எவனாவது ஒரு கிழவன் சிலிண்டரைப் படித்துக்கொண்டு நிற்பான். இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லையே என்று விட்டுவிடாதே, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போ.

இப்படிக்கு,
உள்ளே வராத உன் அப்பா