திருப்பி அனுப்பிய பொங்கல்

லுசாக்கா, சாம்பியா
10.02.1978

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். எனக்கு வந்த மலேரியா லேசானதுதான். மறுபடி பாடம் நடத்துகிறேன். கீழே உள்ளவற்றுக்கு உங்கள் விளக்கம் தேவை.

1. 1934, தீபாவளி: பசறைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயத்து இராக்கம்மா தந்த முறுக்கை, சாமிக்குப் படைத்தது என்று சொல்லி என் வாயிலிருந்து துப்பவைத்தீர்கள். எனக்கு எட்டு வயது.

2. 1937, ஜனவரி: தோட்டத்துப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் என்று என்னை யாழ்ப்பாணத்து விடுதிக்கு அனுப்பினீர்கள். அங்கே "தோட்டக்காட்டான்" என்று என்னை இகழ்ந்தார்கள். விடுமுறைக்குப் பசறை வந்தால், "பாதிரியாரு மகன் வாராரு, எந்திரிங்கடா" என்று லயத்துப் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள்.

3. 1978, தைப்பொங்கல்: பக்கத்து லயத்துப் பாக்கியலெட்சுமி கொடுத்த பொங்கலை, உங்களிடம் வளரும் என் மகள் சலோமியின் கையாலேயே திருப்பி அனுப்பினீர்கள். அவள் எழுதியிருக்கிறாள்: "அந்த அக்கா கோவிக்கல அப்பா. 'பரவாயில்ல பாப்பா, ஒங்க தாத்தாவுக்கு இனிப்பு ஆகாது போல'ன்னு சிரிச்சாங்க. எனக்குத்தான் அழுகை வந்துச்சு."

முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதைப் பொறுக்கமாட்டேன். கர்த்தர் அழைத்தார் என்று ஊழியம் செய்யத் திருநெல்வேலியை விட்டு வந்தவர் நீங்கள். அந்த அழைப்பு சலோமிக்கு வரவில்லை.

நீங்களே அவளைக் கூட்டிக்கொண்டு பாக்கியலெட்சுமி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவர் தருவதை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சலோமியின் கடிதங்களைத் திருத்தி எழுதவைக்காமல் அப்படியே அனுப்புங்கள். இங்கே எனக்குக் கிடைக்கும் தமிழ் அது மட்டுமே.

தபாலகம் மூடும் நேரம். மார்ச் 31க்குள் உங்கள் கைப்பட எழுதிய பதில் என்னிடம் இருக்க வேண்டும். இல்லையேல் ஏப்ரலில் வந்து அவளை அழைத்துப் போவேன்.

உங்கள் மகன்,
சாமுவேல் ஞானமுத்து