ஆறு பேருக்கு இத்தாலி

ஜனவரி 9

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் அத்தையும் சௌக்கியம். என் காது மட்டும் வழக்கம்போல லீவில் இருக்கிறது. நாற்பது வருடம் பாலீஷ் மெஷினோடு குடித்தனம் நடத்தியதற்கு அது கொடுத்த பரிசு. போனில் நீ ஒன்று சொல்ல நான் ஒன்றைப் புரிந்துகொள்வேன், அதனால்தான் இந்தக் காகிதம்.

பெரியவள், நம் வாயாடி, வளர்ந்திருப்பாளே, பதின்மூன்று முடிந்துவிட்டதா? சின்னவளுக்கு முன்பல் முளைத்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் நாம் இத்தாலி போகிறோம். சிரிக்காதே. டாக்டர் என் முழங்கால் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நடக்கணும்னா இந்த ஆறேழு மாசத்துக்குள்ள நடந்துக்குங்க பெரியவரே” என்று எழுதியே காட்டிவிட்டார். எத்தனை பேர் வீட்டுக்கு இத்தாலி மார்பிள் போட்டிருப்பேன்! மண்டி போட்டு மண்டி போட்டுத்தான் இந்த முழங்கால் போனது. அந்தக் கல் பிறந்த மலையை ஒரு தடவையாவது பார்க்காவிட்டால் என் கட்டை வேகாது.

டூர் ஆபீஸில் போய் எல்லாம் விசாரித்துவிட்டேன். பத்து நாள். தனி வேன், கூடவே ஒரு வழிகாட்டி. ஆறு பேர் இருந்தால்தான் தனி வேன் தருவார்களாம். நான், அத்தை, என் பிள்ளை, நீ, பேத்திகள் இரண்டு பேர். விரல்விட்டு எண்ணிப் பார்.

நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. நீயும் அவனும் தனித்தனி வீட்டில் இருக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளாவது நான் குறுக்கே வந்தேனா? இப்போதும் நானாகக் கூப்பிடவில்லை. “அவளையும் கூப்பிடுங்கப்பா” என்று சொன்னது அவன்தான்.

யோசித்து எழுது. ரொம்பவும் யோசிக்காதே.

மாமா


ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அவர் பலகையில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துமுடித்து, “மேடம், இன்னொரு வாட்டி படிக்கணுமா?” என்று கேட்ட பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. நான் உங்கள் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாமா, உங்கள் பிள்ளை உண்மையாகவே அப்படிச் சொன்னாரா? நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லையே?

கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணமாகத்தான் கேட்கிறேன். அந்த வீட்டில் கடைசி வருடம் அவர் என்னோடு பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். வேலை போனதைச் சொல்லாமல், தினமும் காலையில் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய் மூன்று மாதம் பார்க்கில் உட்கார்ந்திருந்தார். வேலை போனது எனக்குப் பெரிதில்லை. “உன்னைக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான்” என்றாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. என் நல்லதுக்காக என்னிடம் பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவரே கேட்டிருந்தால் வருகிறேன். பிள்ளைகளுக்கும் எனக்கும் தனி அறை. வேறொன்றும் வேண்டாம். நீங்கள் என்னிடம் எப்போதும் நேராகத்தான் பேசியிருக்கிறீர்கள். இதிலும் நேராகச் சொல்லுங்கள்.

பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 10

அன்புள்ள மருமகளுக்கு,

சொன்னானா என்று கேட்கிறாயே! வாயாலும் சொன்னான், என் காதை நம்பாமல் காகிதத்திலும் எழுதிக் காட்டினான். போதுமா?

இனி பயணத்தைக் கேள். முதல் மூன்று நாள் ரோம். அங்கே பழைய காலத்துக் கோயில் ஒன்று, கூரை நடுவில் பெரிய வட்ட ஓட்டை. மழை பெய்தால் உள்ளேயே கொட்டும். தரையை நடுவில் லேசாக உயர்த்தி, தண்ணீர் இறங்கச் சின்னச் சின்ன ஓட்டைகளும் விட்டிருக்கிறார்களாம். அந்தக் காலத்து மேஸ்திரி எவ்வளவு அழகாகத் தண்ணீர் ஓட வாட்டம் பார்த்திருக்கிறான்! இங்கே பாத்ரூமுக்கு வாட்டம் விடச் சொன்னால் தண்ணீரை ஹாலுக்கு அனுப்புகிறார்கள்.

பிறகு வெனிஸ். அங்குள்ள பெரிய தேவாலயத்தின் தரை, அடிமண் இறங்கி இறங்கி அலை மாதிரி ஆகிவிட்டதாம். மட்டம் பார்க்க ரசமட்டம் வைத்தால் அதிலுள்ள குமிழி எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் முழிக்கும். அத்தை இப்போதே கொடி பிடிக்கிறாள். “படகுல எல்லாம் ஏற மாட்டேன், நான் கரையில உட்கார்ந்திருக்கேன்” என்கிறாள். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் என் மலை. கராரா என்று பெயர். மலையைக் குடைந்து உள்ளே வண்டியிலேயே கூட்டிப்போவார்களாம். கோடையிலும் உள்ளே குளிருமாம், பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வை.

அவனும் டைல்ஸ் கடையில் லீவு சொல்லிவிட்டான். மார்பிள்காரன் பெற்ற பிள்ளை டைல்ஸ் விற்கிறான், அந்த வயிற்றெரிச்சலை வேனில் வைத்துக்கொள்கிறேன். அறை விஷயத்தை என்னிடம் விடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே வீடு வீடாக இல்லை. வாயாடி இத்தாலி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, நீங்கள் எழுதிய ஊர்களுக்கெல்லாம் பொட்டு வைத்திருக்கிறாள். சின்னவள் தன் ஸ்வெட்டரை இப்போதே பையில் வைத்துவிட்டாள். நேற்று மழையில் நனைந்து குளிர் எடுத்தபோதுகூடக் கொடுக்கவில்லை. “அது மலைக்கு!” என்று ஒரே பிடிவாதம்.

நானும் ஒரு நடைச் செருப்பு வாங்கினேன். கடைக்காரப் பெண், “எங்க போறீங்க?” என்று கேட்டாள். “குடும்பத்தோட இத்தாலி” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது மாமா. அந்த வார்த்தையை நான் சொல்லி எத்தனை நாளாயிற்று.

உங்களிடம் ஒன்று மறைத்திருந்தேன். விவாகரத்து மனு தயாராகி, என் கையெழுத்துக்காக வக்கீலிடம் இருக்கிறது. போன வாரம் அவரிடம் போய், “ஆகஸ்ட் வரைக்கும் அப்படியே இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு மனுஷன் இரண்டு வருடம் கழித்து வாயைத் திறந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை.

பதினாறாம் தேதி அவருக்குப் பிறந்தநாள். நானே போன் செய்து, கூப்பிட்டதற்கு நன்றி சொல்லப்போகிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 13
(கூரியரில்)

அன்புள்ள மருமகளுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். போன் செய்யாதே அம்மா. அவன் கூச்சப்படுகிறவன், உனக்குத் தெரியாததா? இப்போது பேசினால் மறுபடி ஆமை மாதிரி ஓட்டுக்குள் போய்விடுவான். ஜூலையில் நேரில் பார்க்கும்போது எல்லாம் தானாகச் சரியாகும். மாமா சொன்னால் காரணம் இருக்கும். நாலு மாதம் பொறு.

மாமா


மார்ச் 20

மாமாவுக்கு,

உங்கள் கூரியர் பதினேழாம் தேதி வந்தது. நான் பதினாறாம் தேதியே பேசிவிட்டேன்.

“கூப்பிட்டதுக்கு தேங்க்ஸ்” என்றேன். “நானா? நீதானே வரணும்னு அப்பாவுக்கு எழுதிக் கேட்டியாம்” என்றார். பிறகு அவர், நீங்கள் கொடுத்திருந்த டூர் ஆபீஸ் படிவத்தை எடுத்து வாசித்தார். முதல் அறையில் நீங்களும் அத்தையும். இரண்டாவது அறையில் பேத்திகள். மூன்றாவது அறையில் அவரும் நானும்.

அவர் கேட்டதாக என்னிடமும், நான் கேட்டதாக அவரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். காகிதத்தில் எழுதிக் காட்டினானாம்! எப்படி மாமா மனசு வந்தது? நேராகச் சொல்லுங்கள் என்று உங்களிடம் வேண்டித்தானே கேட்டேன்?

“இது நீயும் அப்பாவும் சேர்ந்து போட்ட திட்டமா?” என்று அவர் கேட்டார். நான் சத்தம் போட்டேன். பிள்ளைகள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள்.

“எனக்கு ஆசை, என்னோடு வா” என்று நீங்கள் எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு நான் வந்திருப்பேன். அவருக்காக இல்லை, உங்களுக்காக. இது உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

நேற்று மனுவில் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் வரவில்லை. சின்னவளின் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுக்க இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

எழுத எனக்கு முகம் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எல்லாம் நான் செய்ததுதான். அத்தைக்குக்கூடத் தெரியாது. நீ போன் செய்யப்போகிறாய் என்றதும் அவளை விட்டு உன்னிடம் பேசச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு என்ன காரணம் சொல்வது? அதனால் கூரியரை நம்பினேன்.

உங்கள் வீட்டுத் தரையை உங்கள் கல்யாணத்துக்கு முந்தின மாதம் நான் போட்டேன். ஹாலில் ஜன்னலோரக் கல் ஒன்றுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பவில்லை. தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். பெயர்த்துத் திரும்பப் போட்டால் பக்கத்துக் கல்லும் உடைந்துவிடும் என்று பயந்து அப்படியே விட்டேன். சோபாவை அதன்மேல் போடச் சொன்னேன். அடுத்தவர் வீடாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். பிள்ளை வீடுதானே என்று செய்தேன். இதையும் அப்படித்தான் செய்தேன்.

இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், கல்லில் ஓடும் கோடு தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் கல் இல்லை என்பது இந்த வயதில் எனக்கு உறைக்கிறது.

அவனைப் பார்க்க டைல்ஸ் கடைக்குப் போனேன். கஸ்டமரிடம் கேட்பதுபோல, “என்ன வேணும்?” என்று சீட்டில் எழுதிக் காட்டினான். ஒன்றும் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

டூரை ரத்து செய்தாயிற்று. டூர் ஆபீஸ் பெண் நல்ல பெண். “அடுத்த வருஷம் போகலாம் தாத்தா” என்று எழுதித் தந்தாள். என் முழங்காலைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் வரைக்கும் பொறுக்கிறேன் என்றாயே. அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கிறதா? நான் கேட்கக்கூடாது. கேட்டுவிட்டேன்.

மாமா


ஜூலை 12

மேலே என்ன போட்டுத் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு காகிதம் கிழித்தேன். அதனால் ஒன்றும் போடாமலே தொடங்குகிறேன்.

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. அவர் நீல சட்டையில் வந்திருந்தார், இளைத்துப்போயிருந்தார். இரண்டு பேரும் எதையும் மறுக்கவில்லை. இரண்டு வருடமாகத் தனித்தனியே இருப்பதால் ஆறு மாதக் கெடுவையும் கோர்ட் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்ததும், “அப்பாவுக்கு நடக்க முடியலை, இப்ப வீட்டோடதான்” என்றார். நீங்களும் அவரும் பேசிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன். “அம்மா சொன்னாங்க” என்றார்.

அந்தக் கல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வீட்டைக் காலி செய்த அன்று சோபாவைத் தூக்கியதும் நான் அதை மிதித்தேன். சத்தம் கேட்டது. சோபாவை ஏன் அங்கேயே போடச் சொல்லி அடம்பிடித்தீர்கள் என்று அப்போது புரிந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்புதான் வந்தது. உங்கள்மேல் கோபமே வரவில்லை.

இப்போதும் நீங்கள் பொய் சொன்னதற்காகக் கோபம் இல்லை. உங்களிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். பதினாறாம் தேதி நான் போன் செய்ததும் நன்றிப் பேச்சை எடுக்கவில்லை. முதலில் பிறந்தநாள் வாழ்த்து சொன்னேன். சின்னவள் பல்லைப் பற்றிக் கேட்டார். கோணல் என்றேன். “என் பல்லும் கோணல்தானே” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெனிஸில் அத்தையைப் படகில் எப்படி ஏற்றுவது என்று இரண்டு பேரும் யோசித்தோம். நான்கு நிமிடம் இருக்கும். கல்யாணமான புதிதில் பேசியது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த நன்றியைச் சொன்னேன்.

அந்த நான்கு நிமிடத்தை எனக்குக் கொடுத்தது நீங்கள்தான். அது இல்லாமல் இரண்டு வருடம் நன்றாகத்தான் இருந்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

திட்டப்படி இன்று எட்டாம் நாள். இப்போது மலைக்குள் இருந்திருப்போம். வாயாடி காலையில் சுவரிலிருந்து வரைபடத்தைக் கிழித்தாள். சின்னவள் இந்த வெயிலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கழற்ற மாட்டேன் என்கிறாள்.

பிள்ளைகள் உங்களுக்கு எழுதுவார்கள், அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் எனக்கு இனி எழுதாதீர்கள் மாமா. எழுதினால் பதில் போடாமல் இருக்க என்னால் முடியாது.

உங்கள் பேத்திகளின் அம்மா