ரொறன்ரோ அறையின் பூட்டு

புங்குடுதீவு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் நிரோஜனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். வீட்டிலும் வளவிலும் கமரா பூட்டி, ரொறன்ரோவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற உமக்கு இதை எழுதித் தெரிவிக்க வேண்டியதில்லைதான், ஆனாலும் என் முழங்கால் நோவும் அம்மாவின் பிரசரும் கமராவில் விழாதபடியால் எழுதுகிறேன், இரண்டும் போன மாதம் போலவே இருக்கின்றன. நீரும் மருமகள் கஜாலினியும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க நயினாதீவு அம்மனை வேண்டிக்கொள்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். போனில் நீர் கதைப்பீர், நான் கேட்பேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீர் கேட்டுத்தான் ஆகவேண்டும். அடுத்த வீட்டு விநாயகமூர்த்தி மகளிடம் கனடா வருகிறார், அம்மா இடித்த மிளகாய்த்தூளோடு இதையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். தூளை எடுத்துக்கொண்டு கடிதத்தை மறந்துவிட வேண்டாம்.

முதலில் அந்தக் கள்ளனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒருவன் ஆயுதப் பையோடு வீட்டுக்குள் வந்து உமது அறைக் கதவை உடைத்ததைக் கமராவில் கண்டு, எனக்கும் ஊர் விதானையாருக்கும் மாறி மாறிப் போன் அடித்தீராம். அவன் கள்ளன் இல்லை, தச்சுவேலை செய்கிற தம்பிஐயா. கூலி பேசிக் கூட்டிவந்த கள்ளன் உமது அப்பன்தான். நீர் அடித்த போனை நான் வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு மாக்கிறேற்றை உமக்குத் தெரியும், அம்மாவுக்கு ஒடியலுக்குப் பனங்கிழங்கு கிழிக்க வந்து உதவுகிறவள். புருசன் விட்டுவிட்டுப் போய்க் கனகாலம். அவளுக்குப் புற்றுநோய் என்று யாழ்ப்பாணத்தில் வைத்து மருந்து ஏற்றுகிறார்கள், இன்னும் பல மாதம் இழுக்குமாம். எட்டு வயதில் ஒரு பெட்டை இருக்கிறாள், ஜெனிற்றா என்று பெயர். தாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய அன்று அம்மா போய் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு கிழமை கழிய, சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர் நிமலினி என்ற பிள்ளை ஸ்கூட்டரில் வந்து, "ஐயா, இப்பிடிச் சும்மா வைச்சிருக்க ஏலாது, நீதவான்ர கட்டளை வேணும், இல்லாட்டி சிறுவர் இல்லத்திலதான் விடவேணும், இப்ப வவுனியாவிலதான் இடம் இருக்கு" என்று சொன்னார். வவுனியாவில் விட்டால் அவள் தாயைப் பார்ப்பது எப்படி? அதனால் முறைப்படி வளர்ப்புப் பெற்றோர் ஆவது என்று தீர்மானித்தோம். இந்த வயதில் எங்களுக்கு வேறு வேலையும் இல்லைத்தானே, உமது அறைக் கதவுக்குத் தூசி தட்டுவதைத் தவிர.

மகன், உம்மையும் தங்கச்சியையும் பெறும்போது எங்களிடம் ஒருவரும் ஒரு சான்றிதழும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீர் பிறந்திருப்பீரோ தெரியாது. இப்போது அடுத்தவள் பிள்ளைக்கு ஒரு கோப்பை சோறு போடுவதற்கு விதானையார் கடிதம், வைத்தியர் கடிதம், பொலிஸ் நற்சான்றிதழ், வருமானம் என்ன என்ற விபரம், எல்லாம் வேண்டும். என் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதித்தரப் பொலிசார் எடுத்த நாட்களைப் பார்த்தால், ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வைத்தியர் என் முழங்காலை அமத்திப் பார்த்து, "பிள்ளைக்குப் பின்னால ஓடுவீங்களோ ஐயா" என்று கேட்டார். பிள்ளைகள் எனக்கு முன்னால் ஓடிக் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இனி ஓடுவதற்குக் காலை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். செலவும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கள் கிணறு உவர் என்றபடியால் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர் முன்னையதைவிடக் கூட இறக்கவேண்டி இருக்கிறது, சப்பாத்து, சீருடை, பள்ளிக்கூட ஓட்டோ, தாயைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற பஸ், தினமும் ஒரு முட்டை. எங்களுக்கு மரக்கறி நாளான வெள்ளிக்கிழமையும் மீன் கேட்கிறாள், வேதக்காரப் பிள்ளை, அம்மா கோயிலுக்குப் போய்வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பொரித்துக் கொடுக்கிறா. அரசாங்கம் ஏதாவது தருமோ என்று நிமலினியைக் கேட்டேன். "பிள்ளையைத் தருவம் ஐயா" என்றார். எனக்கு நிமலினியை அன்றே பிடித்துவிட்டது.

இனித்தான் விசயம். வீடு பார்க்க நிமலினி வருகிற நாள், நான் பட்டுக்கரை வேட்டி கட்டிச் சால்வையும் போட்டு, அம்மா றோல்ஸ் எல்லாம் பொரித்து, கலியாணம் பேச வருகிற பகுதியை வரவேற்பதுபோல நின்றோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வீடு காட்டிப் பழகிய வாய் அல்லவா, அவருக்கும் அதே விதமாகக் காட்டினேன். இது பரிஸ் அறை, மகளுடையது என்றேன். திறந்தால் உமது தங்கச்சி நிசாந்தினி இன்னும் அத்திவாரமே போடாத வீட்டுக்கு வாங்கி அடுக்கிய ரைல்ஸ், சரவிளக்கு, பெட்டி உடைக்காத கொமட். இது ரொறன்ரோ அறை, மகனுடையது, உள்ளேயே குளியலறை, ஏசி, இந்தத் தீவிலேயே இப்படி ஒரு அறை இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "திறவுங்கோ ஐயா, பாப்பம்" என்றார். திறப்பு கனடாவில் என்றேன். உமது குளியலறையில் தங்கச்சியின் பிள்ளைகள் குளித்துவிட்டார்கள் என்று போனமுறை நீர் புதுப் பூட்டுப் போட்டு, திறப்பைக் கார்த் திறப்போடு கோர்த்துக்கொண்டு விமானம் ஏறினீரே, அந்தத் திறப்பு. கடைசியாக எப்போது வந்தவர் என்று கேட்டார். நான் விரலை மடித்து யோசித்தேன், அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நானும் அம்மாவும் குசினிக்குப் பக்கத்தில், நெல்மூட்டையோடு படுக்கிற அறையையும் எட்டிப் பார்த்தார். பிறகு றோல்ஸ் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "ஐயா, குறை நினைக்காதேங்கோ, இந்த வீட்டில பிள்ளை படுக்க இடமில்லை" என்றார். இந்த மாளிகையில் இடமில்லை என்று என் வாயாலேயே, அதுவும் பெருமையாக, நிரூபித்துக் கொடுத்தவன் நான்.

அன்று உமக்குப் போன் எடுத்தேன், திறப்பை அனுப்பும், அல்லது பூட்டை உடைக்க ஓம் என்று சொல்லும் என்று கேட்டேன். நீர் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். "உங்களுக்கேன் அப்பா உந்த வேலை" என்றீர். நாளைக்குக் காணியில் பங்கு கேட்பாள் என்றீர். வாங்க ஆளில்லாமல் பற்றை மண்டிக் கிடக்கிற காணியில் எட்டு வயதுப் பெட்டை பங்கு கேட்கப் போகிறாள். அடுத்த திருவிழாவுக்கு வருவோம், அறை வேண்டும் என்றீர். எந்த வருசத்துத் திருவிழா என்று சொல்லவில்லை. கடைசியில் ஒரு நல்ல யோசனையும் சொன்னீர், அவளை இல்லத்திலேயே விடுங்கோ, நான் மாதாமாதம் காசு கட்டுகிறேன் என்று. உமது மகனின் பிறந்தநாளுக்கு இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சிறப்பு உணவு கொடுத்து, கேக்குக்குப் பின்னால் அவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறீர்தானே, அதைக் குறை சொல்லவில்லை, பசிக்கிற பிள்ளைக்குச் சோறு சோறுதான். ஆனால் எங்கள் குசினியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளையை வவுனியாவுக்கு அனுப்பிவிட்டு, வருசத்தில் ஒருநாள் கேக்குக்குப் பின்னால் நிறுத்திச் சோறு போடுவதற்கு என்னால் ஏலாது. அதனால்தான் மறுநாள் தம்பிஐயாவைக் கூட்டிவந்தேன்.

நிமலினி வியாழக்கிழமை மறுபடி வந்து அறையைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை நீதவான் ஆறு மாதத்துக்குக் கட்டளை தந்தார். மாக்கிறேற் எழும்பி வந்தால் பிள்ளை அவளிடம் போவாள், அவள் எழும்பத்தான் வேண்டும் என்று அம்மா இப்போது மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறா. பிள்ளையின் படம் வெளியே போகக்கூடாது என்று நிமலினி சொன்னபடியால் விறாந்தைக் கமராவை மாட்டுக்கொட்டிலுக்குத் திருப்பிவிட்டேன். இனி நீர் மாட்டைப் பார்க்கலாம். அது எங்களைவிட நேரத்துக்குச் சாப்பிடுகிறது.

ஒன்றை மட்டும் பகிடி இல்லாமல் எழுதுகிறேன். அந்த அறையில் முதல்நாள் விடிய எழும்பிப் போய்ப் பார்த்தால், பிள்ளை கட்டிலை விட்டுக் கீழே சீமெந்தில் படுத்திருந்தாள். உமது மெத்தைக்கு வாங்கிய நாள் தொட்டுப் பொலித்தீன் கழற்றவில்லை. "பொலித்தீன் கழட்டாதது ஆருக்கோ வைச்சதாக்கும் எண்டு நினைச்சனான்" என்றாள். உடுப்புகளையும் அலுமாரியில் வைக்காமல் பையிலேயே கட்டி வைத்திருந்தாள். பிறகு, "அண்ணை வந்தா நான் எங்க போறது" என்று கேட்டாள். அம்மா பொலித்தீனைக் கிழித்துக் கிழித்து எறிந்தா, அழுதுகொண்டுதான் கிழித்தா. நாங்கள் இருவரும் இத்தனை வருசமாக அந்தக் கதவுக்கு வெளியே நின்று தூசி தட்டினோமே தவிர உள்ளே ஒருநாளும் படுத்ததில்லை, எங்கள் வீட்டில் நாங்களும் அவளைப் போலத்தான் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் பட்டது. நீ எங்கேயும் போகத் தேவையில்லை பிள்ளை, அவன் வந்தால் விறாந்தையில் பாய் இருக்கிறது என்று சொன்னேன். இப்போது உடுப்பெல்லாம் அலுமாரியில்.

மருமகளையும் பிள்ளைகளையும் அன்பாகப் பார்த்துக்கொள்ளும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போம். எங்கள் ஆசி எப்போதும் உங்கள் எல்லோருக்கும் உண்டு, கோபத்தில் அதைக் குறைக்கவில்லை. திருவிழாவுக்குக் கட்டாயம் வாரும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திரும். புதுப் பூட்டுப் போடவோ என்று தம்பிஐயா கேட்க, வெளியால் பூட்டுகிற பூட்டு இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டா. உள்பக்கம் ஒரு சின்னக் கொண்டி மட்டும்தான் போட்டிருக்கிறது. ஆகவே உமது திறப்பைக் கொண்டுவரத் தேவையில்லை. கதவைத் தட்டும், பிள்ளை திறப்பாள்.

இப்படிக்கு,
உமது அறையை உடைத்த அன்பு அப்பா,
சி. கதிர்காமு